கழுத்துத் திரும்பாத காத்தாடி

பழுது பதியும் கொப்பி என்னிடம்.
மாதத்தின் கடைசிச் சனி, பாலையூற்றுச் சனசமூக நிலையம்:
மூன்று மேசை, ஒரு ஈயப்பற்றுக் கோல்,
எதிலிருந்து கழன்றதென்று யாருக்கும் தெரியாத ஆணிகள்
ஒரு பிஸ்கட் ரின் நிறைய.

இந்த ஊரில் எந்தச் சாமானுக்கும் இரண்டு சொந்தக்காரர்.
வாங்கியவர் ஒருவர்.
உப்புக்காற்று மற்றவர்.
கதவுப் பூட்டுக்குள்ளும் கடல் போய் வருகிறது.

இருபத்தேழாவது பதிவு:
மேசைக் காத்தாடி. லிங்கநகர் ரியூசன் கொட்டில்.
ஓடுகிறது, கழுத்துத் திரும்பவில்லை.
கொண்டுவந்த தர்ஷாயினி சொன்னாள்:
"காத்து முழுக்கப் பெடியன்களின்ர வாங்குக்கு.
நாங்க இந்தப் பக்கம் அவிஞ்சுகொண்டு
இருபடிச் சமன்பாடு செய்யிறம்."

கழற்றினோம்.
சுண்டுவிரல் நகமளவு பற்சக்கரம்,
பதினேழு பல்லில் நான்கு இல்லை.
கடைக்காரர் எங்களைப் பார்க்காமலே
"காத்தாடியையே புதுசா எடுங்கோவன்" என்றார்.

உப்புவெளியில், அலுமினியக் கடைக்கு மேல்மாடியில்,
வரைந்ததைப் பொருளாக இழைக்கும் பெட்டி இருக்கிறதென்று
ரிஸ்மியாதான் சொன்னாள்.
எனக்கு அவர்களைப் பிடிக்காது.
போன வருடக் கண்காட்சியில்
துறைமுகத்துக் கப்பலைச் சாவிக்கோர்வை ஆக்கி விற்றவர்கள்.
உடைந்த ஒன்றைத் தொட்டதாய்க் கேள்விப்படவில்லை.

போனோம்.
பெட்டி செத்துக் கிடந்தது. இடி விழுந்து மூன்று கிழமை.
இனோகா, கொஞ்சத் தமிழும் நிறையக் கையுமாக,
"கரண்ட்... உள்ளே... முடிஞ்சுது" என்றாள்.
ரிஸ்மியா குனிந்து மணந்து பார்த்தாள்.
"கொண்டன்சர் வீங்கியிருக்கு."
எங்கள் மேசைக்கடியில் வருடக்கணக்காய்
காலுக்கு இடைஞ்சலாய்க் கிடந்த ரீவியின் வயிற்றில்
அதே அளவில் இரண்டு இருந்தன.

முதல் சக்கரம் பதினொரு நாள் ஓடியது.
பிறகு மோட்டர்ச் சூட்டில் இளகி
சப்பித் துப்பிய இனிப்பாய் வந்தது.
அடுத்தது இரண்டே நாள்.
பிளாஸ்ரிக் பிழை என்றாள் இனோகா.
பல்லின் சரிவு பிழை என்றாள் ரிஸ்மியா.
இரண்டுமே பிழை என்று விளங்க
ஒரு மாலை முழுக்கச் சண்டை வேண்டியிருந்தது, மூன்று மொழியிலும்.
கீழே வீதியில் மான் ஒன்று
பப்பாசித் தோலைச் சப்பிக்கொண்டு
மேலே பார்த்தது.

மூன்றாவதை நைலோனில் இழைத்தார்கள்.
அந்த நூலும் உப்புக்காற்றில் ஈரம் குடிக்கும்.
காயவைக்க, எங்கள் பத்தொன்பதாவது பதிவு உதவியது:
உரியவர் திரும்பி வராத கேக் அவன்.

ஒப்பந்தம் ஒன்றும் எழுதவில்லை.
பெயர்ப்பலகையில் எவர் பெயர் முதலில் என்ற கதை
இன்னும் முடியவில்லை, அதனால் பலகை இல்லை.
நிலையத் திறப்பு ஒன்று இனோகாவின் பையில்.
மேல்மாடித் திறப்பு ரிஸ்மியாவின் ஸ்கூட்டிக் கோர்வையில்.
என் கொப்பியில் புதிதாய்க் கோடு கீறிய நிரல்:
வரைபடம் உண்டா?
நேற்று மூதூரிலிருந்து அதே ரகக் காத்தாடி வந்தது.
உண்டு என்று எழுதியபோது
பேனையைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

எல்லாம் எழும்பாது.
திருக்கடலூர் அந்தோனிதாசனின் வள்ளத்து ரேடியோவில்
இரண்டு கூட்டமும் சேர்ந்து தோற்றோம்.
கொண்டுவந்த அதே சாரத்தில் சுற்றி
ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனார்.
அந்த வரியின் கடைசிக் கட்டம்
இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.

திரும்பும் வழியில் ரியூசன் கொட்டிலை எட்டிப் பார்த்தேன்.
காத்தாடி பெடியன்கள் பக்கம் போய்,
முனையில் ஒரு 'டக்' என்று யோசித்து,
பெண்கள் பக்கம் வந்தது.
தர்ஷாயினி முழங்கையால்
கொப்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு
என்னைக் கண்டதும் கத்தினாள்:
"அண்ணை, இப்ப தாள் பறக்குது!"

பதியவா, என்று கேட்டேன்.